சத்யாவின் பெயரில் வந்த சீட்டு

பத்தொன்பது புள்ளி எட்டு.

மெஷின் திரையில் இந்த எண்ணைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், சிரித்தது. இரண்டாவது காரியம், ஊசி அறையில் இருந்த சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டியது. லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதைப் படித்ததும் பயந்திருப்பீர்கள். பயப்படத்தான் வேண்டும். ஆணின் ஹீமோகுளோபின் பதினேழைத் தாண்டினால் ஏன் என்று கேட்க வேண்டும் என்று எனக்கும் பாடத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம் நான் தர்மபுரி மாவட்டத்தில் ரத்தம் எடுத்தேனே, அதுதான் கோளாறு.

எங்களிடம் வருகிற ரத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? ஏழு, எட்டு, நல்ல நாளில் ஒன்பது. சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து வரும் கர்ப்பிணி ஆறில் நின்றுகொண்டு, “எனக்கு ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் கெறக்கமா இருக்குது” என்பாள். இரும்புச் சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று மல்லுக்கட்டி, திட்டி, கெஞ்சி அந்த ஆறை ஒன்பதாக்குவதற்குள் பிரசவமே வந்துவிடும். எண் ஏறினால் சந்தோஷம், இறங்கினால் துக்கம். இப்படியே பழகிப்போன ஒருத்தியின் முன்னால் பத்தொன்பது புள்ளி எட்டு வந்து நின்றால் அவள் என்ன செய்வாள்? ஏதோ பரிசு விழுந்த மாதிரி குதித்தேன்.

அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரன் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தான். பெயர் மாதேஷ், வயது இருபத்தொன்பது, ஏரியூர்ப் பக்கம். தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறவன். சட்டைக் கை தையல் விட்டுப்போகும் அளவுக்குப் புஜம். பத்து நாளாகத் தலைவலி, இரண்டு தடவை மூக்கில் ரத்தம் என்று ஓ.பி.க்கு வந்தவன். நான் சீட்டை நீட்டிக்கொண்டே, “தம்பி, இந்த ஆஸ்பத்திரிக்கு உங்கள மாதிரி ரத்தம் வந்ததே இல்லீங்க” என்றேன். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சீட்டை செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். ரத்தம்தான் சூப்பராக இருக்கிறதே, இனி டாக்டரிடம் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று அப்படியே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

அவனை வீட்டுக்கு அனுப்பியது தலைவலி விட்டுப்போனதல்ல, என் வாய். ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் இந்த வயதில் யோசித்துப் பார்த்தால், என் கையால் நடந்த தவறுகளைவிட வாயால் நடந்தவையே பெரியவை. ஊசி தவறிக் குத்தினால் பஞ்சு வைத்து அழுத்தலாம். சொன்ன வார்த்தைக்குப் பஞ்சு கிடையாது.

இது முதல் தவறு. இரண்டாவது தவறை நான் மட்டும் செய்யவில்லை. எங்கள் லேபே சேர்ந்து செய்தது, அதுவும் ரொம்ப நாகரிகமாக.

குழந்தையில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவள் மனைவி. ஓ.பி. சீட்டு அவள் பெயரில் இருக்கும். கணவனுக்கும் விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றால், அதே சீட்டின் ஓரத்தில் டாக்டர் மூன்றெழுத்துச் சுருக்கத்தில் எழுதிவிடுவார். ரெஜிஸ்டரில் மனைவி பெயர்தான் ஏறும். முடிவும் மனைவி பெயரிலேயே போகும். ஆண்களுக்கு இது ரொம்ப வசதி. தங்கள் பெயர் எங்கேயும் வராது. டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டு மடமடவென்று போய்விடுவார்கள். நாங்களும் முகத்தைப் பார்க்கமாட்டோம். குனிந்தபடியே வாங்கிக்கொள்வோம், அதுதான் மரியாதை என்று நினைத்தோம். யார் தொடங்கிவைத்த வழக்கமோ தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது, நானும் கேள்வி கேட்காமல் வருஷக்கணக்கில் எழுதினேன்.

பத்தொன்பது புள்ளி எட்டு வந்துபோய் மூன்று வாரம் இருக்கும். சத்யா என்ற பெயரில் ஒரு டப்பா வந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன், ஒன்றுமில்லை. இன்னொரு ஸ்லைடு போட்டேன், ஒன்றுமில்லை. மிச்சத்தைச் சுழலும் மெஷினில் விட்டு, அடியில் தங்கியதை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கை ‘நில்’, அசைவு ‘நில்’ என்று எழுதி ரிப்போர்ட்டை வைத்தேன். மத்தியானம் ஒரு பெரியம்மா டோக்கனை நீட்டினார். டோக்கன் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் ரிப்போர்ட் என்பது எங்கள் விதி, கொடுத்துவிட்டேன். விதிப்படி செய்த தவறை இரண்டு மாதம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணி வாக்கில், ஒரு பெண் லேப் வாசலில் வந்து நின்றாள். வயது இருபத்தைந்துக்குள். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத் தெளிவாக வந்தவள் மாதிரி இருந்தாள்.

“மேடம், எம்பேரு சத்யாங்க. என் சீட்டுல எனக்கு என்னா இல்லன்னு வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றீங்களா? வூட்ல கேட்டா யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.”

உட்காரச் சொன்னேன். சொந்த ஊர் இண்டூர். கல்யாணமாகி நாலு வருஷம். தீர்த்தமலைக்கு மூன்று தடவை போய் எல்லாத் தீர்த்தத்திலும் குளித்துவிட்டு வந்தாயிற்று. ரிப்போர்ட்டை வாங்கிப்போன பெரியம்மா அவள் மாமியார் மாதம்மா. படிக்கத் தெரியாததால் உறவில் காலேஜ் போகும் ஒரு பெண்ணிடம் காட்டியிருக்கிறார். மேலே சத்யா என்று பெயர் இருக்கிறது, கீழே இரண்டு வரியிலும் ‘நில்’ என்று இருக்கிறது. நடுவில் இருந்த மூன்றெழுத்து அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சத்யாவுக்கு ஒன்றுமே இல்லையாம் அத்தை என்று சொல்லிவிட்டாள். அதோடு பதில் கிடைத்துவிட்டது என்று டாக்டரிடம் யாரும் திரும்பவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பெரியவர்கள் கூடிப் பேசுவதாக ஏற்பாடு. பேச என்ன இருக்கிறது? சத்யாவை இண்டூரில் கொண்டுபோய் விட வேண்டியது, உறவிலேயே வேறு பெண் பார்க்க வேண்டியது, அவ்வளவுதான்.

 ரெஜிஸ்டரைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தேன். என் கையெழுத்து. சத்யா. நில். நில்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். உண்மை என் கையில் இருக்கிறது, அதைக் கேட்டு ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுடைய வாழ்க்கை நாளை சாயந்திரத்தோடு முடியப்போகிறது. ஆனால் அந்த உண்மை வேறொருவனின் உடம்புச் சமாசாரம். அவனைக் கேட்காமல் நான் அதைப் போட்டு உடைக்கக் கூடாது. அதற்காக வாயை மூடிக்கொண்டு அவளை அனுப்பவும் கூடாது. அவள் கொண்டுவந்திருந்த மற்ற டெஸ்ட் சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன. அவளுடையது எதுவோ, அதை மட்டும் சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

“சத்யா, இந்தச் சீட்டு உன்னோடது இல்லம்மா. உன் ரத்தத்தையோ உன் வயித்தையோ பாத்து எழுதினது இல்ல. உன்னோட டெஸ்ட் எல்லாம் நல்லாதான் இருக்கு. நீ உன் வீட்டுக்காரரக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட வா.”

அவள் கெட்டிக்காரி. ஒரு நிமிஷம் ரெஜிஸ்டரையே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. சந்தோஷப்படுவாள், கோபப்படுவாள் என்று நான் எதிர்பார்க்க, அவள் தாழ்ந்த குரலில், “இதக் கேட்டா மாமா தாங்க மாட்டாருங்க” என்றாள். கணவனைத்தான் மாமா என்றாள். ஏற்கனவே ஆள் சரியில்லையாம். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாராம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறாராம். தூக்கம் இல்லை, தலைவலி விடுவதில்லை. “அதுக்குத்தான் வாரா வாரம் சத்து ஊசி போட்டுக்கறாருங்க” என்றாள்.

சத்து ஊசி. வாரா வாரம். தலைவலி.

“உன் வீட்டுக்காரர் பேர் என்னம்மா?”

“மாதேஷுங்க.”

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அலமாரியில் ரத்தப் பரிசோதனை ரெஜிஸ்டர் வேறு, இது வேறு. இரண்டையும் அதுவரை யாரும் ஒரே மேஜையில் வைத்ததில்லை, வைக்கத் தேவையும் வந்ததில்லை. பக்கங்களைப் பரபரவென்று தள்ளினேன். மாதேஷ், 29, ஏரியூர். பத்தொன்பது புள்ளி எட்டு. பக்கத்தில் நானே சிவப்பு மையில் சந்தோஷமாக அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். ஒரே ஆள், இரண்டு பெயர், இரண்டு நோட்டு. இந்தப் பக்கம் ரத்தம் பொங்கி வழிகிறது, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.  முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பரபரப்பை நான் அனுபவித்ததில்லை. இப்போது எழுதும்போதுகூடக் கை வேகமாகிறது.

சத்யாவை உட்கார வைத்துவிட்டு, இரண்டு ரெஜிஸ்டரையும் இடுக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அப்போதுதான் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சின்னப் பெண். என் மகளைவிட வயது குறைவு. அந்த வருஷங்களில் எனக்குப் பாடம் நடத்தியது யார் என்று கேட்டால் நான் அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன். டிபன் டப்பாவைத் திறந்து முதல் வாய் வைக்கப்போனவர், இரண்டு பக்கங்களையும் பார்த்தார். டப்பாவை மூடிவிட்டார்.

“அக்கா, இது ஆண் ஹார்மோன் ஊசி. சந்தேகமே வேணாம்” என்றார். எனக்கு ரத்தம் ஏறியது புரிந்தது. அந்த ஊசி சிவப்பணுக்களைக் கூட்டும், ரத்தம் குழம்பு மாதிரி கெட்டியாகும். ஆனால் ஆண் ஹார்மோன் போட்டவனுக்கு விந்தணு ஏன் இல்லாமல் போகிறது? அதைத்தான் கேட்டேன்.

“வூட்டுத் தண்ணித் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் இருக்குல்ல அக்கா. வெளியில இருந்து லாரித் தண்ணிய ஊத்தித் தொட்டிய நெறச்சுட்டா மோட்டார் தானா நின்னுரும். மூளைதான் அந்த ஸ்விட்ச். ஹார்மோன் நெறைய இருக்குன்னு அது விரைக்குப் போற உத்தரவ நிறுத்திருது. அங்க வேலை மொத்தமா நின்னு போயிருது.”

அடுத்து டாக்டர் கேட்ட கேள்விதான் எங்கள் இரண்டு பேரையும் எழ வைத்தது. அவர் இப்போது எங்கே? லேபுக்கு ஓடிவந்து சத்யாவிடம் கேட்டேன். தர்மபுரியில், ஜிம்மில் இருக்கிறார் என்றாள். மறுநாள் காலை ஆணழகன் போட்டி. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, தோல் ஒட்டி நரம்பு தெரிய வேண்டுமாம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். ஏற்கனவே குழம்பாக இருக்கிற ரத்தத்தில் தண்ணீரையும் நிறுத்தினால் என்ன ஆகும்? எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். காலில், நுரையீரலில், மூளையில்.

டாக்டர் என்னையே போன் செய்யச் சொன்னார். அவருக்கு உங்களைத்தான் அக்கா தெரியும் என்றார். சத்யா நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றதும் மாதேஷ் சிரித்தான். நீங்கதானே சூப்பர்னு சொன்னீங்க என்றான். அந்த நிமிஷத்தில் ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. மெஷின் கோளாறு, எண் தப்பாக வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், எனக்கும் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் மெஷின் கோளாறுக்காக எவன் போட்டிக்கு முந்தைய நாள் ஓடிவருவான்?

“மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு தம்பி. நான்தான் தப்பா சொல்லிட்டேன். அது நல்ல ரத்தம் இல்ல, ஆபத்தான ரத்தம். உங்கள நான் அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கணும். மொதல்ல தண்ணி குடிங்க, உடனே கெளம்பி வாங்க.”

 போட்டி முடியட்டும், திங்கட்கிழமை வருகிறேன் என்றான். சத்யா என் கையிலிருந்து போனை வாங்கினாள். குரல் உயரவே இல்லை.

“மாமா, நீங்க இன்னைக்கு வரலைன்னா, நாளைக்கு யாரும் என்னைய இண்டூர்ல கொண்டாந்து விட வேணாம். இப்படியே நானே பஸ் ஏறிப் போயிக்கறேன்.”

ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டான். மோட்டார் சைக்கிளில் வந்திருந்தால் நான் திட்டியிருப்பேன், நல்ல வேளை, நண்பன் காரில் கொண்டுவந்து இறக்கினான். உதடெல்லாம் வெடித்திருந்தது. இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்றான். ரத்தம் எடுத்தேன், ஊசிக்குள் மெதுவாக, கருஞ்சிவப்பாக ஏறியது. இருபது புள்ளி ஆறு. டாக்டர் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார். வலது காலைவிட இடது கால் வீங்கியிருந்தது, சூடாகவும் இருந்தது. அடுத்த நொடி ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஏதாவது ஊசி போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு, புரோட்டீன் பவுடர் மட்டும்தான் என்று சாதித்தான். டாக்டர் சண்டை போடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை இருங்கள் அக்கா என்று என்னிடம் விட்டுவிட்டு, தர்மபுரிக்குப் போன் செய்ய வெளியே போனார். அதுவும் ஒரு வித்தை என்று அப்புறம்தான் புரிந்தது. நான் அவன் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சத்யா வாசலில் நின்றாள். நான் அவனைக் குற்றம் சொல்லவில்லை, என் தவறைத்தான் இன்னொரு தடவை சொன்னேன். டப்பாவில் வந்த முடிவையும் சொன்னேன், சத்யா பெயரில் போன சீட்டு உண்மையில் உங்களுடையது என்றேன். இவ்வளவுக்கும் அந்த ஊசிதான் காரணம், அதை நிறுத்தியாக வேண்டும் என்றேன்.  அவன் கேட்டான்:

“ஊசிய நிறுத்திட்டா கொழந்த எப்படிங்க மேடம் பொறக்கும்?”

பஞ்சை எடுத்துவிட்டு, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பெங்களூரில் வேலை பார்த்தபோது போலீஸ் செலெக்‌ஷனுக்காக ஜிம்மில் சேர்ந்தவன். அங்கே ஸ்டீராய்டு ஊசி பழக்கமானது. உடம்பு ஏறியது, வேலை கிடைக்கவில்லை. கல்யாணம் ஆனதும் பயந்து நிறுத்தினான். நிறுத்தியதும் உடம்பு சோர்ந்து, மனசும் விழுந்து, மனைவியிடம் நெருங்கவே விருப்பம் இல்லாமல் போனது. ஜிம் சிநேகிதன் ஒருவன், உனக்கு ஹார்மோன் கம்மி, அதை வெளியிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்று போனிலேயே யாரையோ பிடித்துக் கொடுத்தான். முகம் பார்க்காத ஆள், பரிசோதனை இல்லாத வைத்தியம். ஊசி போட்டதும் தெம்பு வந்தது. ஆண் ஹார்மோன் என்றால் குழந்தைக்கும் அதுதானே என்று நினைத்தான். ஒரு வருஷம் போயும் குழந்தை நிற்கவில்லை என்றதும் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பதை வாரத்துக்கு ஒன்றாக்கினான். அம்மா சத்யாவைக் குறை பேசப் பேச, இவன் யாருக்கும் தெரியாமல் மருந்தின் அளவையும் கூட்டினான். தன் டப்பாவின் முடிவு தனியாக வரும் என்று நினைத்து, வீட்டுக்கு வந்த சீட்டு சத்யாவுடையது என்றே நம்பிவிட்டான். மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவ்வளவும் செய்தான்.

டாக்டர் சொன்ன தொட்டிக் கதையை அவனுக்குச் சொன்னேன். லோடு வண்டிக்காரன், தோட்டத்தில் மோட்டார் வைத்திருப்பவன், பாதியிலேயே பிடித்துக்கொண்டான். தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அவ்வளவு பெரிய புஜத்தை வைத்துக்கொண்டு ஒருவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். காலில் ரத்தம் கட்டியிருந்தது. நுரையீரலுக்கு ஏறுவதற்கு முன் பிடித்துவிட்டார்கள். மறுநாள் போட்டி அவன் இல்லாமல் நடந்தது. பெரியவர்கள் கூடவில்லை. கட்டிலைச் சுற்றி நின்ற உறவினர்கள் முன்னால் மாதம்மா, மருமகள் வந்த நேரம்தான் இப்படி என்று ஆரம்பித்தாராம். மாதேஷ் படுத்தபடியே, அம்மா, அந்தச் சீட்டு என்னுது என்று சொன்னானாம். சத்யா இதை என்னிடம் சொன்னபோது அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஊசியை நிறுத்துவது அவனுக்குச் சுலபமாக இருக்கவில்லை. நிறுத்தினால் மனசு பள்ளத்தில் விழும், தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சத்யாவிடம் சொல்லிவைத்திருந்தார். அப்படியே விழுந்தான். உடம்பு வற்றியது, ஊரில் கேலி பேசினார்கள், இருந்து என்ன பிரயோஜனம் என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னான். சத்யா அந்த வார்த்தையை அலட்சியம் செய்யாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிவந்தாள், மனநல டாக்டரும் பார்த்தார். சேலத்தில் ஹார்மோன் டாக்டர் ஒருவர் மருந்தும் ஆரம்பித்தார். ரத்தம் மெல்ல மெல்லப் பதினாறுக்கு இறங்கியது. எண் இறங்கியதற்காக நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

லேபில் நான் வேறொரு போர் நடத்திக்கொண்டிருந்தேன். கணவனுக்குத் தனிச் சீட்டு, அவன் பெயரிலேயே ரெஜிஸ்டர், ரிப்போர்ட் அவன் கையில் அல்லது டாக்டர் மேஜையில் மட்டும். ஆண் பெயரை எழுதினால் ஒருத்தனும் வரமாட்டான் என்றார்கள் ஆபீசில். டாக்டர் பிடிவாதம் பிடித்து அனுமதி வாங்கினார். ஆனால் பாருங்கள், தனிச் சீட்டு வந்தும் ஆண்களே ஜன்னலில் குனிந்து, மனைவி பேர்லயே போட்டுடுங்க என்று கெஞ்சினார்கள். டோக்கன் கொடுப்பவரும் பழக்கதோஷத்தில் மனைவி பெயரைத்தான் கேட்பார். மாதேஷும் ஊசியை நிறுத்திய நாலாவது மாசம் சத்யா பெயரில்தான் டப்பா கொடுத்தான். நில். ஏழாவது மாசமும் அப்படியே. நில்.

பதினோராவது மாசம். எனக்கு ஓய்வு பெற இரண்டு வாரம் இருந்தது. ஜன்னலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். டோக்கன்காரர் தலை நிமிராமல், சம்சாரம் பேரு என்றார்.

“எம்பேரு மாதேஷுங்க. டெஸ்ட்டு எனக்கு, எம்பேர்லயே எழுதுங்க. ஒண்ணுமில்லன்னு வந்தாலும் எம்பேர்லயே வரட்டும்.”

வரிசை மொத்தமும் கேட்டது. நான் உள்ளே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தேன், அதைக் கழற்றிவிட்டு ரெஜிஸ்டரை எடுத்தேன். எழுதினேன். மாதேஷ், ஆண், முப்பது.

ஸ்லைடை வைத்தேன். முதல் இடத்தில் ஒன்றுமில்லை. தள்ளினேன், ஒன்றுமில்லை. இன்னும் தள்ளினேன். ஓரத்தில் ஏதோ துடித்தது. தூசியாக இருக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். தூசி வாலை ஆட்டாது. ஒன்று, அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் தள்ளி மந்தமாக மூன்றாவது. நான் கத்திய கத்தலில் ஊசி அறை சிஸ்டர் ஓடிவந்தார், டாக்டர் ஓடிவந்தார். எண்ணிக்கை ரொம்பக் குறைவுதான். குழந்தைக்கு இது போதாது என்று எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ஆனால் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லாருக்கும் இப்படித் திரும்புவதில்லை. சிலருக்கு வருஷக்கணக்காகும், சிலருக்குத் திரும்பவே திரும்பாது. உங்களிடம் வரும் வாலிபர்களிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சத்து ஊசி போடுகிறாயா என்று கேளுங்கள். ஸ்டீராய்டா என்று கேட்டால் இல்லை என்பான், சத்து ஊசியா என்றால் ஆமாம் என்பான்.

டாக்டரிடம் அனுமதி வாங்கி மாதேஷை உள்ளே கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வைத்தேன். கண்ணை எடுக்கவே இல்லை. இந்தத் தடவை அன்று ரத்தத்தைப் புகழ்ந்ததுபோல எதையும் அளந்துவிடாமல், டாக்டரே சொல்வார் என்று மட்டும் சொன்னேன். அதற்கு முன்னால் கத்தியது யார் என்று நீங்கள் கேட்டால், அதுவும் நான்தான்.

டாக்டர் எல்லாவற்றையும் நிதானமாக விளக்கி, ரிப்போர்ட்டை மாதேஷிடம் கொடுத்தார். அவன் அதை சத்யாவிடம் நீட்டினான். வெளியே பெஞ்சில் மாதம்மா உட்கார்ந்திருந்தார். சத்யா எண்ணிக்கை எழுதிய இடத்துக்குப் போகவே இல்லை. மேலே முதல் வரியில் விரலை வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பவள் மாதிரி, மெதுவாக, வாய்விட்டு, “மாதேஷ்” என்று படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு சீட்டை மடிக்காமல் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“அத்தைகிட்ட நீங்களே கொண்டுபோய்க் குடுங்க மாமா” என்றாள்.

அவன் சீட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சை நோக்கி நடந்தான். ஜன்னலில் வரிசை நகர்ந்தது. டோக்கன்காரர் பழையபடி தலை நிமிராமல், சம்சாரம் பேரு என்றார். அடுத்து நின்றவன் ஒரு நிமிஷம் தயங்கினான். அப்புறம் தன் பெயரைச் சொன்னான்.